கொழுந்து லொறி போகும் வீதி

1

பத்திரிகைக்காக இதைத் தட்டச்சு செய்யப்போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும், எந்த ‘ன’ வரும் என்பது எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம்தான். எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் எப்படிச் செய்தேனோ அப்படியே இருக்கட்டும்.

நான் இருப்பது ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன நகரம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. நோயாளிகள் சாப்பிட்ட தட்டுகள் ஓடும் பட்டையில் ஏறி வரும். நான் மிச்சத்தைத் தள்ளிவிட்டு, தட்டுகளை இயந்திரத்துக்குள் அடுக்குவேன். இருபது வருடமாக இதே வேலை. பேச வேண்டிய அவசியம் இல்லை என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது.

போன வாரம் மகள் மாதுரி போன் எடுத்தாள். இருபது வயது, வேறு நகரத்தில் படிக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரியான தன் அம்மாவின் தமிழைத்தான் அவள் பேசுவாள், அதுவும் தமிழ் பேச நினைத்தால் மட்டும்.

“அப்பா, பெப்ரவரி லீவுக்கு நான் இலங்கைக்குப் போறன். மாமி வீட்டதான் நிக்கப்போறன். மாமிட்டச் சொல்லிப் போட்டன்.”

மாமி என்றால் என் அக்கா லெட்சுமி. எங்கள் பக்கத்தில் அத்தை என்போம். அன்றைக்கே அக்காவுக்குப் பேசினேன். அக்காவின் குரலில் ஒரே சிரிப்பு.

“ஏன் தம்பி, இந்த வாட்டி ஃபோர்ம் ஒண்ணும் நிரப்ப வேணாமா?”

நானும் சிரித்தேன். மறுநாள் வேலையில், கழுவி வந்த தட்டுகளையே எடுத்து மறுபடியும் இயந்திரத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற போலந்துக்காரப் பெண் என் தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அந்த ஃபோர்ம் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒக்டோபரோடு ஆறு வருடம் ஆகிறது.

2

மாதுரி ஒன்பது வயதில் இளையோர் பாடகர் குழுவில் சேர்ந்தாள். தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் பயிற்சி. நாங்கள் சைவ சமயம், அவள் அங்கே லத்தீனில் பாடுவாள். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. நான் வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று காத்திருப்பேன். மற்றப் பெற்றோர் உள்ளே கோப்பி குடித்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்ற பயம்தான்.

குழுவை நடத்திய ஹெல்காவுக்கு அறுபது வயதிருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை ஒரு நாட்டுக்குக் கூட்டிப் போவார். ஹோட்டலில் தங்கவிட மாட்டார். அந்த ஊர்க் குடும்பங்களில் இரண்டிரண்டு பேராகப் பிரித்துத் தங்க வைப்பார். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவர்கள் வீட்டுக் குளியலறையில் வரிசையில் நின்று, அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளோடு சண்டை பிடித்துவிட்டுப் பாடினால்தான் அந்தப் பாட்டு அந்த ஊரில் ஒட்டும் என்பது அவருடைய கணக்கு. அதே மாதிரி அந்த ஊர்ப் பிள்ளைகள் இங்கே வந்தால் நாமும் இடம் கொடுக்க வேண்டும்.

இலங்கையில் யுத்தம் முடிந்த மறு வருடம், அங்கே போவதாக அறிவித்தார். கண்டியில் பத்து நாள். அன்று முதல் தடவையாக அவர் வெளியே சைக்கிள்களுக்கு நடுவே வந்து என்னோடு பேசினார்.

“நீங்கள் அந்த ஊர்தானே? எங்களோடு வர வேண்டும். நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர்.”

என்னை இந்த நாட்டில் யாரும் எதற்கும் ‘நீங்கள்தான்’ என்று சொன்னதில்லை. சரி என்று தலையாட்டினேன்.

3

என் ஊர் கண்டி என்று எல்லாரிடமும் சொல்லி வந்தது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

நான் பிறந்தது அலவத்துகொடைக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில், லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, ஒரே அறை. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் கொழுந்து பறிக்கப் போனதால்தான் நான் ஐந்து வரையாவது படித்தேன். பிறகு கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடை மாடியிலேயே படுத்து, இருபத்து மூன்று வயதில் வெளிநாடு வந்தேன். அது தொண்ணூற்றொன்று.

மனைவியைப் பெண் பார்த்தபோது அவள் அண்ணன், “எந்த இடம்?” என்று கேட்டார். “கண்டி டவுன்” என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். “அதுக்கென்ன இப்ப?” என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மாதுரி இரண்டாம் வகுப்பில் ‘அப்பாவின் வீடு’ என்று படம் வரைய வேண்டி வந்தபோது, நான் அந்தப் புடவைக் கடை மாடியைச் சொன்னேன். பச்சை ஜன்னல், மரப்படி, கீழே வாகனங்கள். அவள் வரைந்தாள். டீச்சர் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். அந்தப் படம் எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஏழு வருடம் தொங்கியது.

பயணம் முடிவானதும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவளிடம் போன் கிடையாது. அவள் மகள் நிர்மலாவின் போனில்தான் பேசுவோம். நிர்மலா தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர்.

“எங்க தங்குவீங்க தம்பி?”

“பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொரு வீட்டுல தங்கும்க்கா. அங்க உள்ள குடும்பங்களோட.”

“அப்ப நம்ம பிள்ள நம்ம வீட்டுலதானே?”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு சொன்னேன்: “அது நம்ம கையில இல்லக்கா. ஃபோர்ம் இருக்கு. கண்டி ஆபீஸ்ல குடுக்கணும். அவங்கதான் பார்த்து முடிவு பண்ணுவாங்க.”

அப்படிச் சொன்னால் அக்கா விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். தோட்டத்து ஆட்களை நான் மறந்துவிட்டேன். அடையாள அட்டைக்கும், பிறப்புச் சான்றிதழுக்கும், தாய் தகப்பன் இங்கேதான் பிறந்தார்கள் என்று நிரூபிக்கவும் தலைமுறை தலைமுறையாகப் படிவம் நிரப்பி வரிசையில் நின்றவர்கள் எங்கள் ஆட்கள். ஃபோர்ம் இருக்கிறது என்று சொன்னால், அதை எங்கே கொடுக்கிறார்கள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். அக்கா ஒரு நாள் வேலையை விட்டு, நிர்மலாவோடு பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், ஃபோர்ம் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சொந்தத் தம்பி மகளைச் சொந்த வீட்டில் தங்க வைக்க.

4

கண்டியில் இதை ஒழுங்கு செய்தவர்கள் படிவங்களைக் கட்டாக அனுப்பியிருந்தார்கள். ஹெல்கா அதை என்னிடம் தந்தார். சிலது ஆங்கிலம், சிலது தமிழ்.

“உங்களுக்கு இந்த இடங்கள் தெரியும். ஏதாவது சிரமம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்” என்றார்.

வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் விரித்து வைத்தேன். நான் ஒரு அதிகாரி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. டொக்டர் வீடு, ஆசிரியர் வீடு, பிலிமத்தலாவையில் ஒரு கடைக்காரர் வீடு, அலவத்துகொடையில் ஒரு முஸ்லிம் குடும்பம். கடைசியில் நிர்மலாவின் உருண்டைக் கையெழுத்து.

அறைகள்: இரண்டு, பின்னால் ஒன்று சேர்த்துக் கட்டியது. மலசலகூடம்: வெளியே, புதிது. பேசும் மொழி: தமிழ், சிங்களம். ஏன் விருந்தினரை ஏற்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அக்கா சொல்ல நிர்மலா எழுதியிருந்தாள்: ‘வருகிற பிள்ளைகளில் ஒன்று எங்கள் தம்பி மகள். அவளோடு யார் வந்தாலும் அதுவும் எங்கள் பிள்ளைதான்.’

மாதுரியின் ஜோடி லேனா. அவளுடைய அப்பா பல் வைத்தியர். அந்தப் பிள்ளை லயத்தைப் பார்க்கும், என் மகள் அந்தப் பிள்ளையின் கண்ணால் பார்ப்பாள், பிறகு குளிர்ப்பெட்டியில் உள்ள படத்தைப் பார்ப்பாள். இதைத்தான் நினைத்தேன். அக்காவை நினைக்கவில்லை.

பேனையை எடுத்து ஓரத்தில் ஜெர்மன் மொழியில் இரண்டு சொல் எழுதினேன். ‘வீதி மோசம்.’

பத்தொன்பது வருடமாகப் பார்க்காத வீதி அது.

மறுநாள் ஹெல்கா அந்தத் தமிழ் வரிகளைக் காட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். “பிள்ளைகளைப் பிடிக்குமாம்” என்றேன். “பாவம், நல்ல மனிதர்கள்” என்றார். பென்சிலை எடுத்து, நான் பிழையாக எழுதியிருந்த ஒரு எழுத்தைத் திருத்தினார். பழக்க தோஷம், பள்ளிக்கூடத்திலும் டீச்சர் அல்லவா. பிறகு படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

5

கண்டியில் என்னைப் பிலிமத்தலாவைக் கடைக்காரர் வீட்டில் தங்க வைத்தார்கள். கதிரேசன் என்று பெயர். இரும்புச் சாமான் கடை. எனக்காக அலுமாரி ஒன்றைக் காலி செய்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அகப்பையோடு நின்றார். என் சொந்த மாவட்டத்தில், முன்பின் தெரியாத வீட்டில், விருந்தாளியாகக் கதிரையில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டேன்.

“நீங்க கண்டில எந்தப் பக்கம்?” கதிரேசன் கேட்டார்.

“டவுன் கிட்டத்தான்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பேச்சைக் கேட்டா தோட்டத்துப் பேச்சு மாதிரி இருக்கே?”

“கடையில எல்லாரோடயும் பழகினது.”

“நான் தோட்டம்தாங்க. எங்கப்பா கங்காணியோட சண்ட போட்டுட்டு, ஒரு சாக்குல பழைய ஆணிய அள்ளிப் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வந்தவரு. அந்த ஆணியிலதான் இந்தக் கடையே நிக்குது.” மனைவியைப் பார்த்து, “இவளுக்கு இதச் சொன்னா பிடிக்காது” என்றார்.

“ஏன் பிடிக்காது? வாரவங்ககிட்ட எல்லாம் ஆணிக் கதையத்தான் சொல்றீங்க. ஒரு நாளைக்காவது சுத்தியல் கதையச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா.

எனக்குக் கதவைத் திறந்து விட்டதுபோல இருந்தது. ‘நானும் தோட்டம்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. இன்னொரு இடியப்பம் போடச் சொன்னேன்.

பகலில் ஒத்திகைக்குப் போகும் வழியில் வேனில் மாதுரி கேட்டாள். “அப்பா, உங்கட மாடி வீடு எது?”

புடவைக் கடை இருந்த இடத்தில் போன் கடை வந்திருந்தது. மேலே ஜன்னல்கள் மட்டும் பழையபடி. “அந்தா” என்று காட்டினேன். அவள் லேனாவுக்குக் காட்டினாள். லேனா படம் எடுத்தாள்.

6

மாதுரியும் லேனாவும் தங்கியது அலவத்துகொடையில் ஹமீதா என்ற அம்மாவின் வீட்டில். மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். வாசலில் ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு கிடந்தது, ஓரமெல்லாம் செம்மண். உள்ளே போனால் அக்கா.

பத்தொன்பது வருடம். முன் தலை நரைத்து, ஆள் சின்னதாகியிருந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து மாதுரியின் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். நான் மறுநாள் காலை தோட்டத்துக்குப் போவதாகப் போனில் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின நாளே அவள் ஒரு டின் முறுக்கோடு கீழே இறங்கி வந்துவிட்டாள்.

ஹமீதா சொன்னார்: “ஒங்கட அக்கா, லெட்சுமி ராத்தா, எங்களுக்கு நேத்து முந்தா நாள் பழக்கமா? நம்ம கடையிலதானே சாமான் எடுக்கிற. தம்பிட மகள் ஒங்க ஊட்டுல ஈக்கிறாவாமேண்டு கேட்டுக்கிட்டு வந்தாங்க. ஏன் நீங்க ஒரு வார்த்த சொல்லல்ல?”

மாதுரி என்னைப் பார்த்தாள். “அப்பா, இவ உங்கட அக்காவாம். இஞ்ச பக்கத்திலதானாம் இருக்கிறா.”

அக்கா எழுந்து என் முகத்தைத் தடவினாள். அழவில்லை. “குளிர் ஊர்ல இருந்து வெள்ளையாயிட்டன்னு நெனச்சேன். அப்படியேதான் இருக்க” என்றாள். ஹமீதா சிரித்தார். பிறகு அக்கா சொன்னாள்: “வாங்க எல்லாரும். இருட்டுறதுக்குள்ள நம்ம வீட்ட ஒரு தரம் பார்த்துட்டு வந்துருங்க. பத்து நிமிஷம்தான்.”

மறுக்க முடியவில்லை. முச்சக்கர வண்டி ஒன்றில் நெருக்கியடித்து ஏறினோம்.

7

மாரியம்மன் கோயில் வளைவு தாண்டியதும் வீதி மாறியது. குழி இருந்த இடமெல்லாம் கல் அடுக்கி, மண் போட்டு அடித்திருந்தது. மண் இன்னும் புதுசு. மழைத்தண்ணீர் ஓட ஓரத்தில் சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அக்கா வண்டிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

“இது எல்லாம் நம்ம லயத்து ஆளுங்க போட்டது தம்பி. ரெண்டு ஞாயித்துக்கிழமை. கல்லு ஆத்துல இருந்து தூக்குனோம். ஒரு பிள்ளயத் தங்க வைக்கணும்னு சொன்னேன், எல்லாரும் வந்துட்டாங்க.”

“எதுக்குக்கா?”

“ரோடு சரியில்லைன்னுதானே ஃபோர்ம திருப்பிட்டாங்க? ரோட்டப் போட்டுட்டு நிர்மலா மறுபடி போயி ஃபோர்ம் கேட்டா. லிஸ்ட் முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. “ஆபீஸ்னா அப்படித்தான். பரவால்ல, ரோடு நமக்கு மிச்சம்.”

வண்டி ஓட்டியவர் திரும்பாமலே சொன்னார்: “அக்கா, முன்ன மட்டும் என்ன? தெனம் ரெண்டு தரம் கொழுந்து லொறி ஏறி எறங்குற ரோடு. அதுல வேன் ஏறாதுன்னு எந்த மடையன் எழுதினான்?”

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்றாள் அக்கா. “எந்த மடையனோ. வந்து பார்த்திருக்கவும் மாட்டான்.”

எல்லாரும் சிரித்தார்கள். மாதுரி லேனாவுக்கு ஜெர்மனில் சொன்னாள், லேனாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டில் பின் காம்பிராவுக்கு நீலச் சாயம் அடித்திருந்தது. இரண்டு கட்டில். இரண்டு மெத்தையும் கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் கிடந்தன. “பிரிச்சா தூசி படும்னு வச்சிருக்கேன்” என்றாள் அக்கா. பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. லேனா மெத்தையில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள், பிளாஸ்டிக் சரசரத்தது. லயத்துப் பிள்ளைகள் வாசலில் கூடி, பாடச் சொன்னார்கள். இருவரும் நின்று பாடினார்கள். பக்கத்துக் காம்பிராக்காரர்கள் எல்லாம் வந்து நின்று கேட்டார்கள். பத்து நாளில் எத்தனையோ மண்டபத்தில் பாடினார்கள், அவ்வளவு அமைதியாக யாரும் கேட்கவில்லை.

புறப்படும்போது மாதுரி, “நாங்க இஞ்சயே நிக்கலாமே அப்பா? ஹெல்காவைக் கேளுங்கோ” என்றாள்.

கேட்டிருக்கலாம். ஹெல்கா சம்மதித்திருப்பார். ஆனால் அந்தப் படிவத்தை நினைவு வைத்திருப்பார், ஓரத்தில் உள்ள என் எழுத்தையும் நினைவு வைத்திருப்பார். “சட்டம் அப்படி மகள், மாத்த ஏலாது” என்றேன்.

அவள் திரும்பி நீலச் சுவரையும் கட்டில்களையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “மாடி வீடு எண்டு சொன்னீங்கள்” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஊர் திரும்பி ஒரு மாதத்தில் குளிர்ப்பெட்டியில் இருந்த படம் காணாமல் போனது. அவள்தான் எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்னோடு ஜெர்மனில் பேச ஆரம்பித்தாள். பெரிய விஷயங்களைத் தன் அம்மாவிடம் தமிழில் சொல்வாள். என்னிடம் பஸ் நேரம், சாவி, மழை. போன வாரம்தான் வெகுநாளைக்குப் பிறகு என்னோடு தமிழில் பேசினாள், அதுவும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல.

ஹெல்கா இப்போது ஓய்வில் இருக்கிறார். போன வருடம் கடைத்தெருவில் கண்டு, “அந்த வீதியைப் போட்டுவிட்டார்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

8

இந்தப் பத்திரிகை தோட்டத்துக்கும் போகிறது என்று தெரியும். நிர்மலா வாங்குவாள். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நிர்மலாதான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். போனில் சொல்லப் பல தடவை பார்த்தேன். அக்கா, “சாப்பிட்டியா தம்பி?” என்று கேட்டதும் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எழுதினால் தப்ப முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

மாதுரிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரமாகும். பெப்ரவரிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அவள் அந்த வீதியில் ஏறும்போது தெரிந்துகொண்டு ஏறட்டும்.

நிர்மலா, நீ அம்மாவுக்கு இதை வாசிக்கும்போது, வண்டிக்காரர் கேட்ட கேள்வி வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்து. ஆறு வருடமாக அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. உன் மாமாதான் எழுதினான் என்று சொல்லு. வந்து பார்க்காமல்தான் எழுதினான் என்றும் சொல்லு. அம்மா என்ன சொல்கிறாள் என்பதை எனக்கு அப்படியே எழுது, ஒரு சொல்லும் குறைக்காமல்.

2016 ஒக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை.